குழந்தை பிறந்ததும் அப்பாவும் மாதக்கணக்கில் லீவு எடுக்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. மனைவிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம். அவர் வேலை பார்க்கும் நிறுவனம் அப்பாக்களுக்கு முழுச் சம்பளத்தோடு 12 வாரம் விடுப்பு தருகிறது. மேலாளரிடம் சொன்னபோது, "அவ்வளவும் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, பால் குடிக்கிற குழந்தைக்கு அம்மா இருந்தால் போதும், ஆம்பளை மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்கிறார்கள். முழுவதையும் எடுப்பதா, இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்வதா, எடுத்தால் பதவி உயர்வு தள்ளிப்போய்விடுமா என்பதுதான் அவர் கேட்பது.

எடுங்கள். ஒரு நாள் மிச்சம் வைக்காமல் எடுங்கள். ஆனால் 12 வாரத்தையும் பிரசவத்தன்றே தொடங்கி ஒரே மூச்சில் தீர்த்துவிடாதீர்கள். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நிறைய பேர் யோசிப்பதே இல்லை, எனக்கோ இதில் அழுத்தமான கருத்து இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் மனிதவளத் துறையில் வேலை பார்ப்பவன், விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். நீண்ட விடுப்பு எடுத்த அப்பாவும்கூட.

முதலில் அந்த "அப்பாவுக்கு என்ன வேலை" என்பதை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், அதற்கு இரவு பகல் தெரியாது. குடித்து முடிக்கவே அரை மணி, முக்கால் மணி ஆகும். அப்புறம் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், ஆட்டித் தூங்கவைக்க வேண்டும், தூங்கிவிட்டது என்று மெதுவாகக் கீழே கிடத்தியதும் அது கண்ணைத் திறந்து பார்க்கும், மறுபடி தூக்க வேண்டும். இதில் பால் கொடுப்பது ஒன்றுதான் அம்மாவால் மட்டும் முடிந்த வேலை. மற்றதெல்லாம் இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் இருக்கிற யாராலும் முடியும். இரவில் பால் கொடுத்து முடித்த நிமிடமே குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால், அவருக்குத் தொடர்ச்சியாக ஒன்றரை மணி நேரத் தூக்கமாவது கூடுதலாகக் கிடைக்கும். அந்த நாட்களில் ஒன்றரை மணி நேரத் தூக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதோடு, பிரசவம் ஆன உடம்பு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிசேரியன் என்றால் அது வயிற்றைத் திறந்து செய்த பெரிய அறுவை சிகிச்சை. வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து இன்னொரு உயிரைக் கவனித்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. சுகப்பிரசவம் என்றாலும் தையல் இருக்கலாம், ரத்தப்போக்கு வாரக்கணக்கில் நீடிக்கும், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிற பிரச்சினை பிரசவம் முடிந்து 6 வாரம் வரைகூட வரலாம். விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கமில்லாமல் கிடக்கிற அம்மா தன் தலைவலியை "அசதியாக இருக்கும்" என்று ஒதுக்கிவிடுவார். அதை ஒதுக்கவிடாமல் கவனிப்பதற்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும்.

இது வெறும் அபிப்பிராயம் என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 2012-ல் விடுப்பு விதியில் ஒரு சின்ன மாற்றம் கொண்டுவந்தார்கள். குழந்தையின் முதல் வருடத்தில், அம்மா விடுப்பில் இருக்கும்போதே அப்பாவும் 30 நாள் வரை சம்பள விடுப்பை, வேண்டும்போது வேண்டிய நாளுக்கு மட்டும் என்று பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெட்ரா பெர்சன், மாயா ராசின்-ஸ்லேட்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதற்கு முன்னும் பின்னும் பிள்ளை பெற்ற அம்மாக்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 6 மாதத்தில் மனப்பதற்றத்துக்கான மருந்துச் சீட்டுகள் 26 சதவீதம் குறைந்திருந்தன. பிரசவச் சிக்கலுக்காக மருத்துவமனைக்கோ நிபுணரிடமோ போவது 14 சதவீதமும், ஆன்டிபயாடிக் மருந்துச் சீட்டுகள் 11 சதவீதமும் குறைந்திருந்தன. அப்பாக்கள் கூடுதலாக எடுத்ததோ மிகச் சில நாட்கள்தான். அம்மாவுக்கு முடியாத நாளில் அப்பா வீட்டில் இருக்க முடிந்தது, அவ்வளவே.

ஆகவே பிரசவம் ஆனதும் முதல் மூன்று, நான்கு வாரம் நீங்கள் வீட்டில் இருப்பது பற்றி விவாதமே வேண்டாம். பெரியவர்கள் உதவிக்கு இருந்தாலும் இருங்கள்.

ஆனால் அந்த நான்கு வாரத்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். அம்மா, அப்பா இருவரும் வீட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் குழந்தை புதிது, இருவருக்குமே முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் பால் கொடுப்பதால் அம்மாவின் கையில் குழந்தை அதிக நேரம் இருக்கிறது, அதனால் அவர் ஒரு வாரம் முன்னதாகக் கற்றுக்கொள்கிறார். அப்பா தூக்கி வைத்திருக்கும்போது அழுதால் அம்மா கை நீட்டுகிறார், அப்பாவும் கொடுத்துவிடுகிறார். அம்மா தூக்கியதும் அழுகை நிற்கிறது. இது நாளுக்குப் பத்து தடவை நடக்கிறது. பத்து தடவையும் அம்மாவுக்கு ஒரு பாடம் கூடுகிறது, அப்பாவுக்கு ஒரு பாடம் தவறிப்போகிறது. மூன்றாவது மாத முடிவில் பார்த்தால் "அவனுக்கு அம்மாதான் வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், சொல்வது உண்மையாகவும் ஆகிவிடுகிறது. இதில் யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் அந்த வீட்டில் அடுத்த பதினைந்து வருடத்துக்கு யார் எதை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பது அந்த மூன்று மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

தடுப்பூசி போடப் போகிற இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மருத்துவர் கேட்பார்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறது, போன ஊசிக்குக் காய்ச்சல் வந்ததா, மருந்து எத்தனை மில்லி கொடுத்தீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை? குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் அப்பாதான். ஆனால் பதிலுக்கு அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். நல்ல அப்பா, பாசமான அப்பா, ஊசி போடும்போது குழந்தையைவிட அவர் கண்தான் அதிகம் கலங்கும். ஆனாலும் எத்தனை மில்லி என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவை அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அந்தத் தேவை எப்போது வரும் என்றால், குழந்தையோடு அவர் தனியாக இருக்கும்போது மட்டும்தான் வரும். அதனால்தான் விடுப்பைப் பிரித்து எடுக்கச் சொல்கிறேன். மூன்று, நான்கு வாரத்தைப் பிரசவத்தோடு எடுங்கள். மிச்சம் எட்டு, ஒன்பது வாரத்தைப் பத்திரமாக வைத்திருந்து, மனைவி வேலைக்குத் திரும்புகிற நாளில் தொடங்குங்கள். பல நிறுவனங்களின் விதியில் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எடுக்கலாம் என்றோ, இரண்டு தவணையாக எடுக்கலாம் என்றோ இருக்கும். யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை. விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், புரியாவிட்டால் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

என் மனைவி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எடுத்துவைத்திருந்த தாய்ப்பாலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிப் பாட்டிலில் கொடுத்தால் பையன் நாக்கால் தள்ளுகிறான். மடியில் படுக்கவைத்துக் கொடுத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டான். அரை மணி நேரம் போராட்டம், அவனும் வியர்த்துவிட்டான், நானும் வியர்த்துவிட்டேன். போனைக் கையில் எடுத்து, முதல் நாளே அவளைப் பதற வைக்க வேண்டாம் என்று திரும்ப வைத்துவிட்டேன். கடைசியில் அவன் முதுகை என் நெஞ்சில் சாய்த்து, முகம் ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, நின்றபடியே மெதுவாக ஆடிக்கொண்டு கொடுத்தபோது குடித்தான். அம்மாவிடம் குடிக்கிற அதே நிலையில் பாட்டிலை நீட்டினால் நிறைய குழந்தைகள் ஏமாற்றமாகி மறுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாரக் கடைசியில் மனைவி என்னிடம் கேட்டாள், "பாட்டில்ல எப்படிக் குடுக்கறது?" அதுவரை எங்கள் வீட்டில் குழந்தையைப் பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடமிருந்து அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தன.

உடம்பும் இதற்குத் தயாராகத்தான் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் செபு பகுதியில் இளைஞர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அப்பாவான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கணிசமாகக் குறைந்திருந்தது. அதிலும் தினம் 3 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பார்த்துக்கொள்ளாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2014-ல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் குழு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. குழந்தையை முதன்மையாக வளர்க்கிற பொறுப்பில் இருந்த அப்பாக்களின் மூளையில், அம்மாக்களுக்கு விழிப்பாக இருக்கிற அதே பகுதிகள் வேலை செய்துகொண்டிருந்தன. "தாய்க்குத்தான் அது இயல்பாக வரும்" என்பது பாதி உண்மை. யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு வரும்.

சரி, உலகத்தில் அப்பாக்கள் எப்போது விடுப்பு எடுக்கிறார்கள், எப்போது எடுப்பதில்லை என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஸ்வீடன் 1974-லேயே அம்மா, அப்பா யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பெற்றோர் விடுப்பைப் பொதுவாக்கிவிட்டது. உலகில் முதல் நாடு அதுதான். ஆனால் தொடக்கத்தில் அப்பாக்கள் எடுத்தது மொத்த நாட்களில் 1 சதவீதம்கூட இல்லை. தசை முறுக்கேறிய பளுதூக்கும் வீரர் ஒருவர் சிரித்தபடி கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி சுவரொட்டி அடித்துப் பிரசாரம்கூடச் செய்தார்கள். மெதுவாகத்தான் ஏறியது. 1995-ல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கினார்கள், அவர் எடுக்காவிட்டால் அது கழிந்துபோகும், மனைவிக்கு மாற்ற முடியாது. 2002-ல் இரண்டு மாதம், 2016-ல் மூன்று மாதம் ஆக்கினார்கள். இன்று அங்கே அப்பாக்கள் எடுப்பது மொத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம்.

நார்வேயில் இது இன்னும் வேகமாக நடந்தது. 1993-ல் 4 வாரத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கினார்கள். அதற்கு முன் விடுப்பு எடுத்த அப்பாக்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு, சில வருடங்களுக்குள் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நார்வே ஆண்களின் மனசு ஒரே வருடத்தில் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அதுவரை விடுப்பு எடுப்பதென்றால் மனைவியின் பங்கிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மாதிரியும், மேலாளரிடம் சலுகை கேட்கிற மாதிரியும் இருந்தது. ஒதுக்கிய பிறகு "இது எனக்கு உரியது, எடுக்காவிட்டால் வீணாகப் போகும்" என்று சொல்ல முடிந்தது. கேட்கிறவருக்கும் சங்கடமில்லை, கொடுக்கிறவருக்கும் சங்கடமில்லை. பிரிட்டனில் இதற்கு நேர்மாறு. அங்கே 2003 முதல் அப்பாவுக்கு 2 வாரம்தான், அதற்குத் தருகிற தொகையும் பெரும்பாலோரின் சம்பளத்தைவிட மிகக் குறைவு. 2015-ல் அம்மாவின் விடுப்பிலிருந்து அப்பாவுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள், மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். அம்மாவிடமிருந்து எடுத்துக் கொடு, சம்பளத்தையும் இழந்துகொள் என்றால் எந்தக் குடும்பம் முன்வரும்?

சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. அங்கே அப்பாக்களும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை விடுப்பு எடுக்கலாம். காகிதத்தில் பார்த்தால் உலகிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்று. ஆனால் 2012-ல் எடுத்தவர்கள் 1.89 சதவீதம். எடுத்தால் மேலதிகாரி முகம் சுளிப்பார், சக ஊழியர்கள் மேல் வேலை விழும், திரும்பி வரும்போது பழைய நாற்காலி இருக்காது என்ற பயம். 2020-ல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஷின்ஜிரோ கொய்சுமி மூன்று மாதத்தில் பரப்பி இரண்டு வாரம் விடுப்பு எடுப்பதாக அறிவித்ததே அங்கே பெரிய செய்தியானது. 2022-ல், பிள்ளை பிறக்கப்போகிற ஒவ்வொரு ஊழியரையும் நிறுவனமே அழைத்து "உனக்கு இப்படி ஒரு விடுப்பு இருக்கிறது, எடுக்கிறாயா" என்று கேட்டாக வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். 2023-ல் 30 சதவீதம், 2024-ல் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நிறைய பேர் எடுப்பது இன்னும் சில வாரங்கள்தான். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

உங்கள் மேலாளரின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நார்வேயின் அந்த 1993 மாற்றத்தை வைத்து மூன்று ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைத் தேடிப் பார்த்தார்கள்: ஒருவர் விடுப்பு எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கூட வேலை பார்க்கிற ஒருவர் எடுத்திருந்தால் அடுத்தவர் எடுக்கிற வாய்ப்பு 11 சதவீதப் புள்ளி கூடியது. அண்ணனோ தம்பியோ எடுத்திருந்தால் 15 கூடியது. எடுத்தவர் உயர் பதவியில் இருப்பவர் என்றால் இந்தத் தாக்கம் இரண்டரை மடங்குக்கும் மேல். என் அனுபவத்திலும் அதுதான். யாராவது ஒருவர் முழு விடுப்பையும் எடுத்துவிட்டு, திரும்பி வந்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். நீங்கள் எடுக்கிற 12 வாரம் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

பதவி உயர்வு பற்றிக் கேட்டீர்கள். பயப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சில மேலாளர்கள் மனசுக்குள் குறித்துவைத்துக்கொள்வார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் உங்கள் மனைவியின் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். டென்மார்க்கில் ஹென்ரிக் கிளேவன் குழுவினர் கணக்கிட்டபோது, முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட்டால் நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 20 சதவீதம் கீழேயே நின்றுவிட்டது, ஆண்களின் வருமானத்தில் ஒரு சலனமும் இல்லை. அத்தனை வசதிகள் உள்ள நாட்டிலேயே இப்படி. ஸ்வீடனில் 2010-ல் வந்த ஓர் ஆய்வின்படி, அப்பா கூடுதலாக எடுக்கிற ஒவ்வொரு மாத விடுப்புக்கும் அம்மாவின் பிந்தைய வருமானம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் குடும்ப வருமானம் என்று கணக்குப் போடுங்கள், உங்கள் சம்பள உயர்வை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் மனைவி வேலைக்குத் திரும்புகிற முதல் இரண்டு மாதம், பாதி மனசு வீட்டில் இல்லாமல் வேலை பார்க்க முடிந்தால், அதன் மதிப்பு உங்கள் ஒரு வருடச் சம்பள உயர்வைவிடப் பெரிதாக இருக்கலாம்.

அலுவலகத்தில் செய்ய வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. "எடுக்கலாமா" என்று கேட்காதீர்கள், தேதிகளோடு போங்கள்: முதல் தவணை பிரசவத்திலிருந்து இத்தனை வாரம், இரண்டாவது தவணை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த இந்த வேலையை இவரிவர் பார்த்துக்கொள்வார்கள். எவ்வளவு முன்னால் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. விடுப்புக் காலத்தை வருடாந்திர மதிப்பீட்டில் எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள், ஒன்பது மாத வேலையை ஒன்பது மாத இலக்கோடு ஒப்பிடுவதுதான் நியாயம், பன்னிரண்டு மாத இலக்கோடு ஒப்பிடக் கூடாது. அப்புறம், லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வாருங்கள். "அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் தினமும் ஒரு அவசரம் வரும். குழந்தை தூங்குகிற நேரத்தில் ஒரு மீட்டிங் என்று ஆரம்பிப்பது, அழுகிற குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மீட்டிங்கில் உட்காருவதில் போய்தான் முடியும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளம் பேராசிரியர்களுக்குக் குழந்தை பிறந்தால், நிரந்தரப் பணிக்கான கெடுவை ஒரு வருடம் நீட்டித்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி. பொருளாதாரத் துறைகளை எடுத்துக்கொண்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் சலுகைக்குப் பிறகு முதல் வேலையிலேயே நிரந்தரம் ஆகிற வாய்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளி கூடியது என்றும், பெண்களுக்கு ஏறத்தாழ அதே அளவு குறைந்தது என்றும் காட்டியது. அம்மாக்களுக்கு அந்த வருடம் குழந்தையோடு போனது, அப்பாக்களோ கூடுதலாக ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அப்பாவுக்கு நேரம் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். குழந்தை யார் கையில் இருந்தது என்பதுதான் முக்கியம்.

எதிராக வேறு சான்றுகளும் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. ஸ்வீடனின் 1995 மாற்றத்தை ஆராய்ந்தவர்கள், அப்பாக்கள் விடுப்பு அதிகம் எடுத்தார்களே தவிர, பின்னாளில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது லீவு போடுவது அம்மாதான் என்பது மாறவில்லை என்று கண்டார்கள். ஸ்பெயினில் 2007-ல் அப்பாக்களுக்கு இரண்டு வாரம் கொடுத்த பிறகு, தகுதி பெற்ற தம்பதிகள் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள், ஆண்கள் தாங்கள் விரும்பும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குறைத்துச் சொன்னார்கள். பிள்ளை வளர்ப்பது எவ்வளவு வேலை என்று கண்ணால் பார்த்ததாலும் அது இருக்கலாம். அதைக் கெட்ட செய்தியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, தெரிந்து எடுக்கிற முடிவு தெரியாமல் எடுப்பதைவிட நல்லது. அதே ஸ்பெயின் 2021-ல் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் சமமாக 16 வாரம், முழுச் சம்பளம், யாருக்கும் மாற்ற முடியாது என்று கொண்டுவந்தது. மறுபக்கம் நார்வேயில், 1993-க்குப் பிறகு பிள்ளை பெற்றவர்களிடம் பல வருடம் கழித்துக் கேட்டபோது, வீட்டு வேலைப் பங்கீட்டில் சண்டை 11 சதவீதம் குறைவாக இருந்தது, துணி துவைக்கிற வேலையைச் சமமாகப் பிரித்துக்கொள்வது கூடியிருந்தது. வெறும் 4 வார விடுப்பின் தடம் அவ்வளவு காலம் இருந்திருக்கிறது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் நிறுவனங்களின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒருவருக்கு மூன்று மாதச் சம்பளமும் கொடுத்து, அவர் இடத்துக்கு இன்னொருவரையும் வைப்பது கஷ்டம்தான். அதனால்தான் ஸ்வீடன், ஸ்பெயின் மாதிரி நாடுகளில் அந்தப் பணம் பொதுக் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ம் ஆண்டு உடன்படிக்கையும், மகப்பேறு விடுப்புச் செலவைத் தனித்தனி முதலாளிகளின் தலையில் கட்டக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. இந்தியாவில் 2017-ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது, ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் வராதவர்களுக்கு முழுச் செலவும் நிறுவனத்தின் மேல்தான் விழுந்தது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கோ 15 நாள்தான். இப்படி இருந்தால் ஆள் எடுக்கிறவர் கல்யாணமான பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்து என்ன யோசிப்பார்? அப்பாவும் அதே அளவு விடுப்பில் போகக்கூடியவர்தான் என்று ஆகிவிட்டால் அந்த யோசனைக்கே இடமில்லாமல் போகும். வேலைக்கு எடுக்கிற மேசையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், அப்பாக்களுக்கான விடுப்பு பெண்களுக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு விஷயம், யாரும் பேசாதது. குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வருகிறது. 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ 10 சதவீதம் அப்பாக்களுக்கு இருந்தது, மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் இன்னும் அதிகம். நீங்கள் தனியாகக் குழந்தையோடு இருக்கப்போவது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். காரணமில்லாத எரிச்சல், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராதது, எதிலும் பிடிப்பில்லாதது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் அழுகை தாங்க முடியாமல் கை நடுங்குகிற நிமிடம் யாருக்கும் வரும், அப்போது குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் அறையை விட்டு வெளியே போய் நில்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் குலுக்கிவிடக் கூடாது. தினமும் ஒரு முறையாவது குழந்தையோடு வெளியே போங்கள், பெரியவர்கள் யாரோடாவது பேசுங்கள். வீட்டில் தனியாகக் குழந்தையோடு இருக்கிற அம்மாக்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும், தனியாக இருந்து பார்த்த பிறகு அது உங்களுக்கு நன்றாகப் புரியும்.

கடைசியாக, விடுப்பைப் பிரித்து எடுக்க உங்கள் நிறுவனம் ஒத்துக்கொள்ளவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 12 வாரத்தையும் எடுங்கள். முதல் ஆறு வாரம் மனைவி தேறட்டும், வீட்டை நீங்கள் பாருங்கள். ஏழாவது வாரத்திலிருந்து, அவருக்கு முடிகிறபோது, தினமும் ஒரு பால் வேளைக்கும் அடுத்த பால் வேளைக்கும் நடுவில் அவர் வீட்டை விட்டு வெளியே போகட்டும், நடக்கவோ தோழியைப் பார்க்கவோ, எதற்காகவோ. பக்கத்து அறையில் இருந்தால் அழுகை கேட்டதும் வந்துவிடுவார், அதனால் வெளியேதான். போன் செய்து கேட்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதை மூன்று மணி நேரம் ஆக்குங்கள், நடுவில் ஒரு பாட்டில் பால் நீங்கள் கொடுக்கிற மாதிரி. தடுப்பூசி அட்டை உங்கள் பையில் இருக்கட்டும், அடுத்த ஊசித் தேதி உங்கள் போனில் இருக்கட்டும், மருத்துவரிடம் ஒரு முறையாவது நீங்களும் குழந்தையும் மட்டும் போய் வாருங்கள். உங்களிடம் இரண்டே வாரம் விடுப்பு இருந்தாலும், வேலை முடிந்து வந்தபின் சாயங்காலங்களில் இதே மாதிரி செய்யலாம், மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.